டிசம்பரில் முட்டை கிடையாது

லூகோவுக்குத் தெற்கே,
வருடத்தில் பாதி நாள் மழைக்கே சொந்தமான சரிவில்
என் வீடு.
பதினேழு வருடம் லாரி ஓட்டினேன்.
பண்ணையில் ஏற்றி
வெட்டுமிடத்தில் இறக்குவது.
ஒரு நடைக்கு ஆறாயிரம் கோழி.
பக்கக் கண்ணாடியில் பார்த்தால்
பின்னால் தவிட்டு நிறத்தில் இறகு பறக்கும்.
சருகு என்று நினைத்துக்கொள்வேன்.
நினைக்காவிட்டால் ஓட்ட முடியாது.

மார்ச்சில் ஒரு வளைவில்
பெட்டி ஒன்று கழன்று விழுந்தது.
உள்ளே இருந்த பதினொன்றும் பிழைத்தன.
கணக்கில் 'சேதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
சேதத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்து
வீட்டுக்கு ஓட்டினேன்.

ஆப்பிள் மரத்தடியில் திறந்துவிட்டேன்.
ஒன்றும் நகரவில்லை.
ஒன்றரை வயது,
இன்னும் மண்ணை மிதித்ததில்லை.
அலகு நுனி சுட்டெடுத்தது,
கொண்டை வெளிறி ஒருக்களித்துக் கிடந்தது,
முதுகில் தோல்தான் மிச்சம்.
ஒன்று காலைத் தூக்கியது;
எங்கே வைப்பதென்று தெரியாமல்
தூக்கியபடியே நின்றது.
புல்லுக்குப் பயப்படும் கோழியை
நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நான்காம் நாள் காலை
ஒன்று கிளறியது.
யார் சொல்லிக்கொடுத்தது?
இடது கால் இரண்டு, வலது கால் ஒன்று,
ஓர் எட்டுப் பின்வாங்கி, தலை சாய்த்து
தான் தோண்டியதைத் தானே உற்றுப் பார்த்து...
மண்புழு!
அதைக் கவ்விக்கொண்டு அது ஓடிய ஓட்டம்,
மற்ற பத்தும் துரத்திய துரத்தல்.
குப்பையைக் கிளறுவது கோழிப் புத்தி என்று
இளக்காரமாய்ச் சொன்னவர் யாரோ,
அவருக்குக் கிளற முடியாத கோழியைத் தெரியாது.

பிறகு வெயில் வந்தது.
சுவரோரப் புழுதியில்
வரிசையாய்ப் படுத்துச் சிறகை விசிறி
கண்ணை மேலே சொருகிக்கொண்டன.
செத்துவிட்டனவென்று ஓடினேன்.
குளித்துக்கொண்டிருந்தன.

பக்கத்து நிலத்து எலாதியோ
வேலிமேல் சாய்ந்து சொன்னார்:
"சூப்புக்குக்கூட ஆகாதே, இவை."
மே மாதம் இரண்டு முட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன்.
சட்டியில் உடைத்து ஊற்றினார்.
கரு துலுக்கச் சாமந்தி நிறம்,
சட்டியை ஆட்டினாலும் குலையாமல் நின்றது.
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர்
"என்னதான் போடுகிறாய்?" என்றார்.
சாயங்காலம் ஒரு பிடி சோளம்.
மற்றதெல்லாம் அவையே தேடிக்கொள்கின்றன:
கோசுத் தண்டில் ஏறும் நத்தை,
கஷ்கொட்டை மரத்தடிப் பூச்சி,
எனக்குப் பெயர் தெரியாத கீரை.
என் கோசு இலையில் இந்த வருடம் ஓட்டை இல்லை.
எலாதியோ வாரம் ஒருமுறை
எருவுக்கு வாளியோடு வருகிறார்.
உருளைக்கிழங்குக்காம்.
சூப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

எல்லாம் நல்லதாகவே நடந்ததாய்ச் சொல்லமாட்டேன்.
ஆகஸ்டில் ஒன்றைப் பருந்து கொண்டுபோனது,
அந்த முதல் புழுக்காரியை.
வலை போட்டிருக்கலாம்.
வலைக்கடியில் ஆகாயம் எப்படித் தெரியும் என்று
அன்றிரவு மல்லாந்து யோசித்தேன்.
சரியா தப்பா, இன்னும் தெரியவில்லை.
எலாதியோ தன் சேவலை அக்குளில் இடுக்கி வந்து
"இவன் கத்துவான்" என்று விட்டுப்போனார்.
கத்துகிறான்.
பருந்துக்கும் கத்துகிறான், தபால்காரருக்கும் கத்துகிறான்.

நவம்பரில் பகல் சுருங்கியது.
முட்டை ஏழு, நாலு, ஒன்று,
பிறகு இல்லை.
பண்ணையில் பதினாறு மணி நேரம் விளக்கு எரியும்;
அங்கே குளிர்காலம் வாசலிலேயே நின்றுவிடும்.
என் கூண்டிலும் ஒரு பல்பு மாட்டலாம்,
கம்பிகூட இருக்கிறது.
பலகையைத்தான் மாட்டினேன்:
டிசம்பரில் முட்டை கிடையாது.

நகரத்திலிருந்து கார் வந்து ஹாரன் அடித்தது.
"கோழி இருக்கிறதே?"
இருக்கிறது.
"பின்னே என்ன செய்கிறது?"
இறகு மாற்றுகிறது.

இன்னும் லாரிதான் ஓட்டுகிறேன்,
இப்போது யூகலிப்டஸ் கட்டை.
மாலையில் வந்து இறங்கினால்
முற்றமெல்லாம் தவிட்டு நிறம்.
சருகு என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.
குனிந்து பார்த்தேன், இறகுதான்.
மழை விட்டதும் கூட்டிவைக்க வேண்டும்,
எருக்குழிக்கு எலாதியோ கேட்டிருக்கிறார்.